எட்டு வரிசைப் பப்பாளி

பக்கத்துத் தோட்டத்து நெங் வாங் அந்த இலையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில், ரொட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். பப்பாளி இலை. விரித்த கை மாதிரி இருக்க வேண்டியது, கோழிக்கால் போல உள்ளே மடங்கிக் கிடந்தது. நரம்பெல்லாம் வெளுத்திருந்தது.

பிப்ரவரி மாத ஞாயிற்றுக்கிழமை, மதியம். ரெனாட்டோ, எங்களுக்கு ரென், அடுப்பில் பன்றி எலும்பு போட்டுத் தக்காளிக் குழம்பு வைத்திருந்தான். கரும்பு வெட்டும் இயந்திரத்திலிருந்து விழுந்து முதுகு போனதிலிருந்து அந்த வீட்டில் சமையல் அவன் கையில்தான். அவன் பெண்டாட்டி நெரீடா தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். நான் வழக்கம்போல யாரும் கூப்பிடாமலே வந்து உட்கார்ந்திருந்தேன்.

"எத்தன மரம்?" என்று கேட்டாள் நெரீடா.

"வாய்க்கால் ஓரத்து எட்டு வரிசையும். அறுநூறு மரம். வெள்ளிக்கெழமை சாயங்காலமே தலை தொங்குன மாதிரி இருந்துச்சு. வெயிலா இருக்கும்னு விட்டேன். இன்னிக்குக் காலைல பாத்தா எல்லாம் இப்பிடி."

ரென் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இலையை எடுத்துப் பார்த்தான். அவனுக்கு ஒரு பார்வை போதும், எனக்கும் போதும். கரும்பில் ஏறுகிற கொடியைக் கொல்ல அடிக்கிற மருந்துதான் அது. அந்த மருந்துக்குக் கரும்பு அசையாது. பப்பாளி அதன் வாடை பட்டாலே சுருண்டுவிடும்.

"வியாழக்கெழமை காலைல நீ பறந்தே," என்றான் நெங், டிரோனில் மருந்தடிக்கிற நெரீடாவிடம். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. ஒரு தகவல் சொல்வதுபோலத்தான் சொன்னான்.

"பறந்தேன். வரப்புலேர்ந்து இருபது மீட்டர் விட்டுத்தான் அடிச்சேன். காத்து உன் பக்கத்துலேர்ந்து என் பக்கம் வந்துச்சு. நோட்டுல எழுதி வச்சிருக்கேன், பாக்குறியா?"

"டாரிலும் பறந்தான்."

"ஆமா. டாரிலும் பறந்தான்," என்றாள் அவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் டிரோன் விடுகிறவன் டாரில்.

நெங் ஒரு வாய் குழம்புகூடச் சாப்பிடவில்லை. ரென் வற்புறுத்தினான், அவன் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான். இருபது வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டில் அவன் சாப்பிடாமல் போனது அன்றைக்குத்தான்.

எங்கள் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் டக். முப்பது வருஷம் கரும்பு வெட்டும் இயந்திரம் ஓட்டி, இரண்டு முழங்காலையும் அதற்கே கொடுத்தவன். இப்போது நெரீடாவுக்கு மருந்து கலக்கிக் கொடுக்கிறேன், டிரோனுக்குப் பேட்டரி மாற்றுகிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு பேட்டரி. அது இறங்கும், நான் ஓடுவேன். ஓடுவேன் என்பது பேச்சுக்கு. மழைக்காலத்தில் எங்கள் இன்னிஸ்ஃபெயில் ஊர்ப் பக்கத்துக் கரும்பு இரண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். அதன் தலையில் காட்டுப் பாகலும் ஊமத்தம்பூ மாதிரி பூக்கிற இன்னொரு கொடியும் ஏறிக்கொண்டு, மொத்த வயலையும் பாயைப் போட்டு மூடியதுபோல மூடிவிடும். டிராக்டர் உள்ளே போக முடியாது. அதனால்தான் டிரோன்.

டிரோன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது விதி. தெரியும்தான். கரும்புக்கு மேலே அது போவதும் வருவதும் நன்றாகவே தெரியும். அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் தெரியாது. அதன் முன் கேமரா ஐந்தே நிமிஷத்தில் மருந்துப் பனி படிந்து வெள்ளையாகிவிடும். ரிமோட்டில் போட்டு வைத்த மேப்பை நம்பித்தான் பறப்பது. வயலின் நான்கு எல்லையையும் ஒருமுறை ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் மேப் தயார். பிறகு வருஷா வருஷம் அதையே போட்டுக்கொள்ளலாம்.

நெங்கின் எட்டு வரிசை இரண்டு கரும்பு வயலுக்கு நடுவில் இருக்கிறது. வடமேற்கே ரெனாட்டோவின் சொந்த வயல். தென்கிழக்கே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், டாரில் மருந்தடிக்கிற வயல். காற்று தென்கிழக்கிலிருந்து வந்தது. டாரில் பக்கத்திலிருந்து பப்பாளிக்கு, பப்பாளியிலிருந்து எங்களுக்கு. கணக்கைப் போட ஊருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. திங்கட்கிழமை காலை நான் மருந்து வாங்கப் போனபோது கடையிலிருந்த அத்தனை பேரும் டாரில் பேரைத்தான் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். அதை இப்போது நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சல் வருகிறது.

திங்கள் பத்து மணி டீக்கு டாரிலே வந்துவிட்டான். நாங்கள் கொட்டகையில் டேங்க் கழுவிக்கொண்டிருந்தோம். அவன் கையில் பாதி தின்ற பீட்ரூட் சாண்ட்விச்.

"வேளாண்துறையிலேர்ந்து ஒரு பொம்பள போன் பண்ணுச்சு," என்றான். "வியாழக்கெழமை நெங் ஷெட்டுக்கு வருதாம். நாம ரெண்டு பேரும் இருக்கணுமாம். பதிவெல்லாம் கொண்டாரச் சொல்லுச்சு."

"எனக்கும் பண்ணுச்சு," என்றாள் நெரீடா. "நல்லதாப் போச்சு. ரெண்டு பேரும் சிங்க் பண்ணிடலாம். உன் தடம், என் தடம், ரெண்டையும் மேசைல விரிச்சு வச்சா வேல முடிஞ்சுது."

டாரில் மெல்லுவதை நிறுத்தினான்.

சிங்க் என்பது ஒரு பொத்தான். ரிமோட் திரையின் மூலையில் மேகம் வரைந்த சின்னப் படம். அமுக்கினால், டிரோன் எங்கே பறந்தது, எவ்வளவு உயரத்தில், எந்த இடத்தில் எத்தனை லிட்டர் கொட்டியது என்பதெல்லாம் செய்த கம்பெனிக்குப் போய்ச் சேரும். ரிமோட்டுக்குள்ளேயும் அது இருக்கிறது, ஆனால் பூட்டுப் போட்டு. சாவி கம்பெனியிடம். எங்கள் பக்கத்தில் ஐந்து பைலட்டுகள். ஐந்து பேரும் அந்த மேகத்தைத் தொடுவதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் கிளப்பில் பியரை வைத்துக்கொண்டு கை தூக்கி எடுத்த முடிவு. அத்தனை கையையும் தூக்க வைத்தவள் நெரீடாதான். அவளுடைய முதல் டிரோன் நடுவானில் மோட்டார் எரிந்து விழுந்தது. மாற்றித் தாருங்கள் என்று கேட்டாள். அவளே அனுப்பிய பதிவைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பதினொரு தடவை அளவுக்கு மேல் பாரம் ஏற்றிப் பறந்திருக்கிறாய், எங்களுக்குப் பொறுப்பில்லை என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. "என் வாயாலயே என்னத் தூக்குல போட்டானுங்க" என்று அன்றைக்குக் கிளப்பில் அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது.

"நீதான சத்தியம் வாங்குன?" என்றான் டாரில்.

"அது மோட்டார் எரிஞ்ச கத. இது என் லைசென்ஸ். ரென் இனிமே வெட்டு மெஷின்ல ஏற மாட்டான். இந்த வீடு நான் பறக்குறதுலதான் ஓடுது. என்னால நெங் மரம் செத்துச்சுன்னு ஒரு வரி எழுதிட்டுப் போனாங்கன்னா நான் முடிஞ்சேன்."

"உன்னாலன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதத்தான் காயிதத்துல காட்டணுங்கறேன்."

"ஒரு நாள் மட்டும் போவாது நெரீ. அமுக்குனா மூணு வருஷமும் மொத்தமாப் போவும். யார் வயல், எங்க வெளஞ்சுது, எங்க வெளயல, எல்லாம். அவன் அத யாருக்கு விப்பான்னு உனக்குத் தெரியுமா? போன வருஷம் என் ஜோன் டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரில கெடந்தப்ப என் வேலையெல்லாம் நீதான் பறந்த. பதிவுல என் பேர எழுதிக்கிட்டோம். அதும் போவும்."

"கம்பெனிக்குத்தான போவுது? போலீசுக்கா போவுது?"

"இன்னிக்குக் கம்பெனி. நாளைக்கு?"

"ஏன்டா இப்பிடி நடுங்குற?" அவள் குழாயை மூடிவிட்டு அவன் முன்னால் வந்து நின்றாள். "உன் பயம் போன வருஷமா, போன வியாழக்கெழமையா?"

டாரிலின் கழுத்து பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. அவன் என்னைப் பார்த்தான்.

"கெழவா, நீயாவது சொல்லு."

"நான் பேட்டரி மாத்துறவன்," என்றேன். கோழைத்தனமான பதில்தான்.

"சிங்க் பண்ணாத," என்றான் அவளிடம். "நானும் பண்ண மாட்டேன். நோட்டக் காட்டுவோம், காத்தச் சொல்லுவோம், அவ்வளவுதான். ரெண்டு பேருல யாருன்னு அவங்களால நிரூபிக்க முடியாது. திட்டி ஒரு கடுதாசி குடுத்துட்டுப் போவாங்க."

"அப்ப பாதிப் பேரு என்னயும் சந்தேகப்படட்டுங்கற."

"பாதிதான?"

சாண்ட்விச்சை டேங்க் மூடிமேல் மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டான். நெரீடா அதை எடுத்துக் குப்பையில் வீசினாள்.

"அவன்தான்," என்றாள். "டக், அவனேதான். பாத்தியா மூஞ்சிய?"

பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை காலை முழுக்க மழை. நெங் ஷெட்டைத் தாண்டித்தான் ஊருக்குப் போக வேண்டும். நெரீடா வண்டியை நிறுத்தினாள். ஷெட்டில் பெட்டிகள் காலியாக அடுக்கியபடி இருந்தன. பழம் வாங்குகிறவர்கள் மொத்தத் தோட்டத்துப் பழத்தையும் வாங்காமல் நிறுத்தி வைத்துவிட்டார்கள். எட்டு வரிசை மட்டுமில்லை, பின்னால் இருக்கும் நாலாயிரம் மரமும் மருந்து பட்டதாகவே வைத்துக்கொள்வார்களாம். பறிக்காத பழம் மரத்திலேயே பழுத்து, வௌவால் தின்று, பாதி தரையில் கிடந்தது. அந்த இனிப்பு நாற்றம் வண்டிக்குள்ளேயே வந்தது. வேலைக்கு வந்த நாலு பெண்களும் மழைக்கோட்டோடு உட்கார்ந்து கையில் ஒட்டிப் பிடிக்கிற சோற்றை மிளகாய்த் துவையலில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருன்னு எனக்கு வேணாம், நெரீடா," என்றான் நெங். "எது வரைக்கும் வந்துச்சுன்னு சொல்லுங்க. எத்தனாவது வரிசைல நின்னுச்சுன்னு தெரிஞ்சா மிச்சத்தப் பறிப்பேன். நீ வந்து வந்து நான் இல்ல, நான் இல்லங்கற. அத வச்சு நான் என்ன பண்றது?"

"டாரில் வந்தானா?"

"தெனமும் வர்றான். ஒண்ணும் பேச மாட்டான். வரிசைல நடந்து நடந்து பாத்துட்டுப் போவான்."

வண்டியில் ஏறியதும் நெரீடா சொன்னாள்: "செஞ்சவன் கால்தான் அங்கேயே சுத்தும்."

அன்று மூன்று மணிக்கு ரிமோட்டை எடுத்துச் சமையலறை மேசையில் வைத்தாள். கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ரென் அவனுடைய உயரமான நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"நல்லா யோசிச்சிட்டியா?" என்றான்.

"யோசிச்சாச்சு."

"மத்த நாலு பேரும் உன் மூஞ்சில முழிக்க மாட்டானுங்க."

"நாலு பேருல ஒருத்தன் மூஞ்சில நானே முழிக்கத் தயாரா இல்ல."

"டாரில் பேர்ல எழுதுன பறப்பெல்லாம் இருக்கே. அவன் பொண்டாட்டி ஜோன் படுத்திருந்தப்ப நாமதான செஞ்சோம். அதக் காட்டிக்குடுக்குற மாதிரி ஆயிடாதா?"

"வியாழக்கெழமைக்கான அறிக்கைய மட்டும்தான் கேட்டு வாங்குவேன். மத்தத யாரு பாக்கப் போறா?"

"மூணு வருஷமா நீயேதான யாராவது பாப்பான், யாராவது பாப்பான்னு கத்துன?"

அவள் விரல் அந்த மேகத்துக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. அவளுடைய இடது கால் மேசைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்ததில் பூண்டுத் தோல் தட்டெல்லாம் அதிர்ந்தது.

"நான் தப்பு பண்ணல, ரென்," என்றாள். "பண்ணாதவ எதுக்குப் பயப்படணும்?"

அமுக்கினாள்.

ஒரு சதவீதம் காட்டியது. எங்கள் பக்கத்து இணையம் மழையில் தவழும். நாலு சதவீதத்தில் பத்து நிமிஷம் நின்றது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது பிரசவ அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. முப்பதில் ரென் எழுந்துபோய்ப் படுத்துவிட்டான். அறுபதில் ஒருமுறை, "இப்ப நிறுத்துனா பாதிதான் போயிருக்கும், இல்ல?" என்று கேட்டாள். எனக்கென்ன தெரியும்? ஆறு மணிக்கு நூறு என்று காட்டி ஒரு பச்சை டிக் விழுந்தது. மூன்று வருஷம் அதற்குள் அடங்கிவிட்டது. கம்பெனிக்கு எழுதினாள்: வியாழக்கிழமை பறப்பின் தடத்தை அறிக்கையாக அனுப்பவும், அவசரம்.

புதன் காலை நான் போனபோது வீட்டில் அடுப்பு எரியவில்லை. அந்த வீட்டில் காலை ஏழரைக்குக் காபி வாசம் வராமல் நான் பார்த்ததே இல்லை. மேசையில் மூன்று தாள் விரித்துக் கிடந்தது. நெரீடா நின்றுகொண்டிருந்தாள். ரென் முகத்தைக் கையில் புதைத்திருந்தான்.

"பாரு," என்றாள் நெரீடா.

மேலிருந்து எடுத்த படத்தில் சிவப்புக் கோடுகள். எங்கள் ரிமோட்டில் இருப்பது பல வருஷத்துக்கு முந்தின படம், எல்லாமே கரும்பாகத் தெரியும். இதில் இருந்தது இந்த வருஷத்துப் படம். கரும்பின்மேல் கோடு கோடாகப் போய்க்கொண்டிருந்த டிரோன், கரும்பு முடிந்த இடத்தில் திரும்பவில்லை. பப்பாளியின் எட்டு வரிசைமேலும் போய், வாய்க்காலுக்கு முன்னால் திரும்பியிருந்தது. நான்கு முறை போய்வந்திருந்தது. வரிக்கு வரி எத்தனை லிட்டர் என்று எழுதியிருந்தது. காற்றைக் குறை சொல்ல இடமே இல்லை. நேராகத் தலையில் கொட்டியிருக்கிறோம். அதில் நான் கலக்கிய மருந்து.

"எப்பிடி?" என்றேன்.

"பழைய மேப்," என்றாள்.

ரென்தான் மீதியைச் சொன்னான். முந்தின வெள்ளத்தில் வாய்க்கால் கரை சரிந்தபோது அவனும் நெங்கும் நிலத்தை மாற்றிக்கொண்டார்கள். வாய்க்கால் ஓரத்துப் பட்டை நெங்குக்கு, அவன் ஷெட்டுக்குப் பின்னால் இருந்த மூலை ரெனுக்கு. கைகுலுக்கி, ஆளுக்கொரு பியர் குடித்து முடித்த விஷயம். நெங் அங்கே பப்பாளி வைத்தான். நெரீடா புது எல்லையை நடந்து புது மேப் போட்டாள். போன வருஷம் அந்த மேப்பில்தான் பறந்தோம், ஒரு இலைக்குக்கூடச் சேதமில்லை. டிசம்பர் மழையில் அந்த ரிமோட் நனைந்து செத்தது. பறந்த பதிவெல்லாம் டிரோனிலிருந்து புது ரிமோட்டுக்குத் தானாக வந்துவிட்டது, மேப்பையெல்லாம் மெமரி கார்டிலிருந்து ஏற்றினாள். அந்தக் கார்டில் நகல் எடுத்தது நிலம் மாற்றுவதற்கு முந்தின குளிர்காலத்தில்.

"சிங்க் பண்ணியிருந்தா புது மேப்பு தானா எறங்கியிருக்கும்," என்றாள் நெரீடா. "ஊர்ல எல்லாரையும் சிங்க் பண்ண விடாம தடுத்தேன் பாரு, அதுக்குத்தான் இது."

ரென் மூன்று தாளையும் ஒன்றாக அடுக்கினான்.

"இது உனக்கு மட்டும்தான வந்திருக்கு?"

"ஆமா."

"நாளைக்கு வர்றவ நோட்டத்தான் கேப்பா. நோட்டுல காத்து சரியா இருக்கு. சிங்க் பண்றதில்லன்னு சொல்லு. ஊருக்கே தெரியும் நீ பண்றதில்லன்னு."

"ரென்."

"நான் மாத்திக்கிட்ட நெலம் அது! நான்தான் உனக்கு ஞாபகப்படுத்தியிருக்கணும். என் முதுகு நல்லா இருந்தா நானே வரப்புல நின்னுருப்பேன். நெரீ, லைசென்ஸ் போச்சுன்னா நாம என்ன பண்றது? சொல்லு."

அவன் அழுதுவிட்டான். ரென் அழுது நான் பார்த்ததில்லை. கீழே விழுந்த அன்றைக்குக்கூட அவன் கெட்ட வார்த்தைதான் பேசினான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

நெரீடா தாளை வாங்கிக்கொண்டாள். "மொதல்ல டாரில்கிட்ட போவணும்," என்றாள்.

டாரில் வீட்டுக் கொட்டகையில் டிரோனின் விசிறிகளைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். நெரீடா பேச வாயெடுக்கும் முன்பே தாளைப் பார்த்துவிட்டான்.

"சிங்க் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன். நான்தான் டாரில். நானேதான் அடிச்சிருக்கேன்."

அவன் துணியைப் போட்டுவிட்டுத் தலைகீழாகக் கிடந்த வாளிமேல் உட்கார்ந்தான். ஆச்சரியப்படவே இல்லை.

"உனக்குத் தெரியும்," என்றாள் நெரீடா மெதுவாக.

"வண்டிமேல நின்னு என் ஓரத்தப் பாத்துட்டிருந்தேன். காத்து பப்பாளி பக்கம் போவுதேன்னு வாய்க்கால் ஓரம் இருபது வரிசய அடிக்காமயே விட்டுட்டேன். அப்ப உன்னுது வந்துச்சு. பப்பாளி தலைக்கு மேலேயே. கையாட்டுனேன், கத்துனேன். அந்தப் பக்கம் நீ எங்க இருக்க, நான் எங்க இருக்கேன்? போன் பண்ணேன், டவர் இல்ல. சுத்திக்கிட்டு வர்றதுக்குள்ள நீ மூட்ட கட்டிட்டுப் போய்ட்ட. அன்னிக்கு மத்தியானமே மழ பேஞ்சுது. கழுவிட்டுப் போயிரும்னு நெனச்சேன்."

"அப்பறமாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ சொல்லவிட்டியா? ஞாயித்துக்கெழமையிலேர்ந்து இருபது மீட்டர் விட்டேன், இருபது மீட்டர் விட்டேன்னு ஊரெல்லாம் சொல்ற. நீ தெரிஞ்சேதான் சொல்றன்னு நான் நெனச்சேன்." அவன் தரையைப் பார்த்தபடியே பேசினான். "சரி, பொய் சொல்றா, வேற வழியில்லாம சொல்றா, சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டேன். நான் சிங்க் பண்ணா நான் இல்லன்னு ஆயிரும். அப்ப மிச்சம் நீ மட்டும்தான். அதான் பண்ணல."

நெரீடா கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் உன்ன... ஊர்ல எல்லார்கிட்டயும்..."

"தெரியும். கடைல சொன்னாங்க." அவன் எழுந்து அவள் கையிலிருந்த தாளைத் தட்டினான். "இத அடுப்புல போடு. நாளைக்கு நானும் சிங்க் இல்லங்கறேன், நீயும் இல்லன்னு சொல்லு. பாதிப் பாதி. எனக்குப் பரவால்ல. ஜோன் படுத்திருந்தப்ப நீ எனக்காகப் பறந்தத நான் மறக்கல."

திரும்பி வரும் வழியில் நெரீடா நெங் ஷெட்டைத் தாண்டும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை அதிகாரி சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். சின்ன உருவம், பெரிய ரப்பர் பூட்ஸ். வரிசைகளில் நடந்து இலை பறித்துப் பையில் போட்டு எழுதிக்கொண்டாள். பிறகு ஷெட்டில் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்தோம். நெங் மட்டும் உட்காரவில்லை.

"ரெண்டு பேரோட பறப்புப் பதிவும் வேணும்," என்றாள் அதிகாரி. "கையால எழுதினது இல்ல. மெஷின்ல இருக்குறது."

"நாங்க சிங்க் பண்றதில்ல," என்றான் டாரில். "இங்க யாருமே பண்றதில்ல. கேட்டுப் பாருங்க."

"நீங்க?" அதிகாரி நெரீடா பக்கம் திரும்பினாள்.

நெரீடாவின் மழைக்கோட்டுப் பைக்குள் தாள் இருக்கிறதா, அடுப்பில் போட்டுவிட்டாளா என்று அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. ரென் அன்றைக்கு வரவில்லை. அவன் சொன்னதற்கு அவள் என்ன பதில் சொன்னாள் என்பதும் எனக்குத் தெரியாது. டாரில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலை லேசாக இடமும் வலமும் அசைந்தது.

நெரீடா நெங்கைப் பார்த்தாள், அதிகாரியைப் பார்க்கவில்லை.

"எட்டு வரிசை, நெங்," என்றாள். "எட்டும் நான்தான். பழைய மேப்ப போட்டுப் பறந்துட்டேன். ஒம்போதாவது வரிசைக்கு வரல. காத்து என் பக்கம்தான் அடிச்சுது. டாரில் இருபது வரிசை விட்டுட்டான், அவன் மருந்து ஒரு சொட்டுகூட வரல. நான் அடிச்சதெல்லாம் இதுல இருக்கு."

தாளை அவனிடம்தான் கொடுத்தாள். அவன் பார்த்துவிட்டு அதிகாரியிடம் கொடுத்தான். அவள் நெடுநேரம் படித்தாள். "முட்டாள்," என்று டாரில் முணுமுணுத்துவிட்டு எழுந்து மழையில் போய் நின்றான்.

"ஒம்போதாவதுலேர்ந்து கொஞ்சம் பழம் சோதனைக்கு எடுத்துக்கறேன்," என்றாள் அதிகாரி. "இந்தத் தடம் சரின்னா பின்னாடி மரத்தையெல்லாம் திங்கக்கெழமைக்குள்ள விட்டுரலாம்." பிறகு நெரீடாவிடம், "கடிதம் வர்ற வரைக்கும் நீங்க பறக்கக் கூடாது. ரிமோட்டக் குடுத்துருங்க," என்றாள்.

நெரீடா வண்டிக்குப் போய் ரிமோட்டை எடுத்துவந்து கொடுத்தாள். அதிகாரி அதை இலைப் பைகளோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

எல்லோரும் கிளம்பும்போது நெங் அவளைக் கூப்பிட்டான்.

"எட்டு வரிசையும் வெட்டி எறியணும். சனிக்கெழம வெட்டுறேன். நீ வா."

"வர்றேன்," என்றாள்.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. டாரில் வரவில்லை, அவனுடைய டிரெய்லரை மட்டும் கொண்டுவந்து வரப்பில் விட்டுவிட்டுப் போயிருந்தான். ரென் வண்டியில் உட்கார்ந்தே வந்தான், மடியில் ஒரு பாத்திரம் குழம்பு. முதல் மரத்தில் முப்பது காய் இருக்கும், அடியில் இரண்டு மஞ்சள் கட்டியிருந்தன. தலை மட்டும் பாழாய்ப் போயிருந்தது. நெங் அவனுடைய வளைந்த கத்தியை அவள் கையில் கொடுத்தான். பப்பாளித் தண்டு மெத்தென்று இருக்கும், ஓங்கி ஒரு வெட்டு போதும். அவள் கத்தியை ஓங்கி, அப்படியே இறக்கிவிட்டாள்.

"எனக்குக் கை வரல, நெங்."

"எனக்கும் வரல," என்றான் நெங். "ரெண்டு நாளா வந்து வந்து நின்னுட்டுத் திரும்பிப் போறேன். அதான் உன்னக் கூப்பிட்டேன்."

அவள் வெட்டினாள். காய்களோடு மரம் சரிந்தது. நெங் அடுத்த மரத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டான். மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று வரிசை முடிந்தது.